மூன்று சுவர் வீடு

வீடென்றால் நாலு சுவர் என்பது ஊரார் கணக்கு. மூத்தவள் கணக்கில் மூன்றே போதும்.

பதினைந்து வருடமாக மற்றவர்களுக்கு வீடு வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள். தம்பி ஊரோரத்தில் சரிவான ஒரு மனையை வாங்கிவிட்டு, "இதுல ஆடு மேய்க்கலாம், வீடு கட்ட முடியுமா?" என்று தலையைச் சொறிந்தபோது, "நீ சும்மா இரு, நான் பாத்துக்கிறேன்" என்று தானே முன்வந்தாள். மனைக்குப் பின்னால் புல்சரிவு. இருநூறு அடி இறங்கினால் பாறைகளுக்கு நடுவே ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் மரக்கூட்டம். அதற்கு மேலே யாரும் வளைத்துப் போட முடியாத வானம். இத்தனையும் சும்மா கிடக்கும்போது அதற்கு முதுகைக் காட்டி ஒரு சுவர் எழுப்புவது அவளுக்குச் சோற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பட்டினி கிடப்பது போலிருந்தது.

ஆகவே கூடத்தின் பின்பக்கம் பதினெட்டு அடி அகலத்துக்குச் சுவரே கிடையாது. மூன்று கண்ணாடிக் கதவுகள் மட்டும். தள்ளினால் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகப் பக்கச் சுவருக்குள் போய் ஒளிந்துகொள்ளும். கூடத்தில் பாவிய அதே சாம்பல் நிறக் கல், அதே இணைப்புக் கோட்டில் பிசகாமல் வெளியே பன்னிரண்டு அடி ஓடிப் புல்லில் முடியும். நடுவில் படி இல்லை, நிலை இல்லை, கால் தடுக்க ஒரு நூல் உயரம்கூட இல்லை. மழைத்தண்ணீர் உள்ளே வராமலிருக்க விரல் அகலத்தில் ஒரு பிளவு, அதற்கடியில் வடிகால். அந்த ஒரு விரல் அகலத்துக்காக அவளும் மேஸ்திரியும் பதினோரு நாள் மல்லுக்கட்டினார்கள்.

வீடு முடிந்ததும் ஒரு பத்திரிகையிலிருந்து வந்து படம் எடுத்துப் போனார்கள். "இந்த வீடு எங்கே முடிகிறது?" என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். தம்பி அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினான். அது மூன்று வருடத்துக்கு முந்திய கதை.

இப்போது அந்த இடத்தில் ஆணி மட்டும் இருக்கிறது.

நாற்பத்தேழு நாளுக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நாலரை மணிவாக்கில், அப்பா அந்தத் திறப்பின் வழியாக வெளியே போனார். ஆறு பத்துக்கு ஓடைப் பாறைகளுக்கு நடுவே கிடைத்தார். தம்பி அலுவலகத்தில் இருந்தான். தம்பி மனைவி கணக்கு டீச்சர். அன்றைக்குப் பள்ளியில் கூட்டம். வீட்டில் அம்மா மட்டும். "கொஞ்சம் கண்ணசந்துட்டேன்" என்று அம்மா எல்லாரிடமும் சொன்னாள். வந்தவர்களிடமெல்லாம் அதே இரண்டு சொல், அதே வரிசையில்.

அப்பாவுக்கு இரண்டு வருடமாக மறதி. பெயர் போயிற்று, பிறகு நாள் போயிற்று, பிறகு சாப்பிட்டோமா இல்லையா என்பதும் போயிற்று. உடம்புக்குத் தெரிந்தது மட்டும் போகவில்லை. முப்பது வருடம் பஸ் கண்டக்டர். படிக்கட்டில் நின்றே சம்பளம் வாங்கியவர். பழைய வாடகை வீட்டில் வாசலுக்கு மூன்று படி. எங்கே புறப்பட்டாலும் கடைசிப் படியில் ஒரு நிமிடம் நிற்பார். மேல் பையைத் தடவுவார், மூக்குக்கண்ணாடி. பக்கப் பையைத் தடவுவார், சாவி. ஏதாவது குறைந்தால் திரும்பி வருவார். தெருவே பார்த்துச் சிரித்த பழக்கம் அது.

தம்பி பிடித்துக்கொண்டது அதைத்தான். காரியமெல்லாம் முடிந்த நாலாம் நாள் கூடத்தின் நடுவே நின்று சொன்னான்: "ஒரு படி இருந்திருந்தா அப்பா நின்னிருப்பாரு. நின்னிருந்தா திரும்பியிருப்பாரு."

அவன் சொன்னது சரி என்றுதான் மூத்தவளுக்கும் பட்டது. வரைவதற்கு முன்னால் வீட்டிலுள்ள எல்லாரையும் அளந்து ஒரு நோட்டில் எழுதியிருந்தாள். அம்மா கை எட்டும் உயரம், தம்பி மனைவி சமைக்க நிற்கும்போது முழங்கையின் உயரம், அப்பா நாற்காலியிலிருந்து எழ எதைப் பிடிக்கிறார், எல்லாம் அதில் இருந்தது. அப்பா புறப்படும்போது எங்கே நிற்கிறார் என்பதை எழுதவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்த பழக்கம், அதனால்தானோ என்னவோ அது ஒரு அளவாகவே தோன்றவில்லை.

அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. அப்பாவை எடுத்துப் போகும்போது, நடை மூன்றரை அடி அகலம், தாராளமாகப் போகும் என்று தோன்றியது. வேறொன்றும் தோன்றவில்லை. ஊருக்குத் திரும்பி வேலைக்குப் போனாள். மேஜையில் உட்கார்ந்தாள், கோடு போட்டாள், சாப்பிட்டாள், தூங்கினாள். யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், "இருக்கேன்" என்றாள். பல் பிடுங்கும்முன் மரத்துப்போக ஊசி போட்டால் கன்னம் நம்முடையதுபோலவே இருக்காதே, அப்படி இருந்தது மொத்த உடம்பும்.

போன வாரம் தம்பி போன் செய்தான்.

"ஞாயித்துக்கிழமை மேஸ்திரி வர்றாரு. பின்பக்கம் முழுசா செவுரு எழுப்பப் போறேன்."

"ம்."

"நீ வந்து கோடு போட்டுக் குடுத்தாதான் கரண்டியத் தொடுவேன்னு அடம் புடிக்கிறாரு. உன் வடிகால் மேல செவுரு உக்காந்தா தண்ணி உள்ள வந்துருமாம். அதனால கூப்புடுறேன்."

"அதனால மட்டும்தானா?"

"வேற எதுக்கு?" என்று சொல்லி வைத்துவிட்டான்.

இரண்டு நாள் யோசித்து மூன்று தாளில் வேறொரு வரைபடம் போட்டாள். வெளித்தளத்தை ஆறு அங்குலம் இறக்கி ஒரு படி. புல் தொடங்கும் இடத்தில் இடுப்பளவு கம்பி வேலி, அதில் வெளிப்பக்கத்திலிருந்து மட்டும் திறக்கிற தாழ். திறப்பு அப்படியே இருக்கும். சுவர் எழும்பினால் வீடு வெறும் இருட்டுப் பெட்டிதான். அவள் செய்ததிலேயே சொல்லிக்கொள்ளும்படி இருந்தது இந்த ஒன்றுதான். அதைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று நினைத்தாள். நினைத்தாளே தவிர, அந்த நினைப்பிலும் சூடில்லை. செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று என்பதுபோல் தாள்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வந்து இறங்கினாள்.

வாசலில் ஆயிரம் செங்கல் அடுக்கியிருந்தது. அதன்மேல் மேஸ்திரி உட்கார்ந்திருந்தார்.

"வாங்க இன்ஜினியரம்மா" என்றார். இன்ஜினியர் இல்லை, ஆர்க்கிடெக்ட் என்று முதல் வருடம் திருத்திப் பார்த்து விட்டுவிட்டாள். "உங்க தம்பிகிட்ட சொல்லிட்டேன். எடுக்கச் சொன்னா எடுக்கிறேன், வெக்கச் சொன்னா வெக்கிறேன். ஆனா செவுரு வேண்டாம்னு சொன்ன வாயே வெக்கச் சொல்லணும். இல்லன்னா நாளைக்கு என் தலைதான் உருளும்."

"வெக்க வேண்டாம்னு சொல்லத்தான் வந்திருக்கேன்."

"அப்ப என் ஞாயித்துக்கிழமை போச்சு" என்று பெருமூச்சு விட்டவர், குரலைத் தாழ்த்தினார். "பெரியவரு போனதுல எனக்கும் மனசு சரியில்லம்மா. நானும் சேந்துதானே அந்தத் தரையப் போட்டேன். ரசமட்டம் வெச்சுப் பாத்துப் பாத்துப் போட்டேன்."

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

கண்ணாடிக் கதவுகள் மூடியிருந்தன. மூடியிருந்தாலும் புல்சரிவு கூடத்துக்குள்ளேயே வந்து நிற்பதுபோல்தான் இருந்தது. காற்றில் புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. அம்மா தன் வழக்கமான நாற்காலியில், வெளியைப் பார்த்தபடி, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வந்தியா? சாப்டியா?"

"ஆச்சும்மா."

தம்பி சாப்பாட்டு மேஜையை ஒழித்துக் கொடுத்தான். அவள் மூன்று தாளையும் விரித்து, சுருண்டுகொள்ளாமலிருக்க நாலு மூலையிலும் தம்ளர் வைத்து, படியிலிருந்து தொடங்கி விளக்கினாள். அவன் குறுக்கே பேசவில்லை. கடைசிவரை கேட்டான்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"ரொம்ப அழகா இருக்கு. எனக்கு செவுருதான் வேணும்."

"வெளிச்சம் போயிரும்டா. கூடம் கெணறு மாதிரி ஆயிரும்."

"லைட் போட்டுக்கிறேன்."

"படியும் வெக்கிறேன், வேலியும் வெக்கிறேன்..."

"இனிமே யாருக்கு வேலி?" என்றான் தம்பி. "போனவருக்கா?"

தம்பி மனைவி டீத் தம்ளர்களைக் கொண்டுவந்து வைத்தாள். அதிகம் பேசாதவள், பேசினால் விடைத்தாளில் சுழித்த சிவப்பு மை மாதிரி நிற்கும். "அண்ணி, அந்தப் பத்திரிகையில தலைப்புப் போட்டாங்களே. வீடு எங்க முடியுதுன்னு தெரியலன்னு. பெருமையா மாட்டி வெச்சிருந்தோம். மாமாவுக்கு நெஜமாவே தெரியல."

"ஏய், போதும்" என்றான் தம்பி. ஆனால் அவன் முகம் போதாது என்றுதான் சொன்னது.

மூத்தவள் டீயைக் குடித்தாள். சூடாக இருந்தது என்பது நாக்கு சுட்ட பிறகுதான் தெரிந்தது.

"அம்மாகிட்ட கேட்டீங்களா?" என்றாள்.

"அம்மாகிட்ட என்னத்தக் கேக்குறது? நாளெல்லாம் அங்கயே வெறிச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. ஒரு வாரத்துல பயித்தியம் புடிச்சிரும். அவங்களுக்காகத்தான் செவுரே." அவன் எழுந்தான். "மணலு வந்துருச்சு, சலிச்சதான்னு பாத்துட்டு வர்றேன். அதுக்குள்ள நீ முடிவு பண்ணு. நீ போடலன்னா வேற ஆளு கெடைக்காமயா போயிருவான்?"

தம்பி வெளியே போனான். தம்பி மனைவி டீத் தம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

மூத்தவள் ஒரு முக்காலியை இழுத்து அம்மா பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, முறத்திலிருந்து ஒரு பிடி கீரையை எடுத்துக்கொண்டாள்.

"தண்ட ரொம்ப நீளமா விடாத" என்றாள் அம்மா. பிறகு, அதே குரலில், கையை நிறுத்தாமல் சொன்னாள்: "நான் அன்னிக்குத் தூங்கல."

மூத்தவள் கை நின்றது.

"மணி என்னன்னு கேட்டாரு. மூணு அஞ்சுன்னேன். திரும்ப மணி என்னன்னாரு. சொன்னேன். சொல்லி வாய மூடல, திரும்ப. ஒன்ற மணி நேரம். எண்ணல நான், ஆனா நூறு தடவ இருக்கும். ராத்திரியும் தூங்கவிடல, முந்தின ராத்திரியும் விடல. 'எழுந்து அப்படி வெளிய போய் நில்லுங்க, கொஞ்ச நேரம் என் உசுர வாங்காதீங்க'ன்னு சொன்னேன். கதவ நான்தான் தள்ளித் தொறந்துவிட்டேன்."

பழுத்த இலை ஒன்றைக் கிள்ளி ஓரமாகப் போட்டாள்.

"போனாரு. உன் தம்பி சொல்றான் பாரு, படி இல்ல, நிக்கலன்னு. நின்னாரு. அந்தக் கோடு இருக்குல்ல, நீயும் மேஸ்திரியும் சண்ட போட்டீங்களே, அது மேல கரெக்டா நின்னாரு. மேல் பையத் தடவுனாரு. கண்ணாடி இல்ல. திரும்பி என்னப் பாத்தாரு. கண்ணாடி அந்த அலமாரி மேலதான் இருந்துச்சு, எழுந்து நாலு எட்டு வெச்சா எடுத்துக் குடுத்திருக்கலாம். 'போங்க'ன்னேன். போயிட்டாரு. கதவ இழுத்து மூடிட்டு நாற்காலிய உள்பக்கமாத் திருப்பிப் போட்டு உக்காந்தேன்."

அடுக்களையில் தண்ணீர்ச் சத்தம் நின்று, திரும்பத் தொடங்கியது.

"அந்த அரை மணி நேரம் எவ்வளவு அமைதியா இருந்துச்சு தெரியுமா" என்றாள் அம்மா.

மூத்தவள் தரையைப் பார்த்தாள். பிளவு அங்கே இருந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, ஒரே அகலத்தில், எங்கும் பிசகாமல். ஏதாவது ஒன்று உள்ளே உடைய வேண்டும் என்று காத்திருந்தாள். உடையவில்லை. நாற்பத்தேழு நாளாகத் தோளில் கிடந்த ஒன்றை யாரோ தூக்கிக்கொண்டார்கள் என்பது புரிந்தது. தோள் மட்டும் இலேசாகவில்லை.

"தம்பிகிட்ட சொன்னியாம்மா?"

"சொல்லிட்டு?"

"அவன் என்னத்தான்..."

"தெரியும். நானும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்." அம்மா முதல் முறையாக அவளைத் திரும்பிப் பார்த்தாள். "நீ தூரத்துல இருக்க. அவன் உன்மேல கோவப்பட்டா உனக்குப் போன்ல வரும். என்மேல கோவப்பட்டா எனக்குத் தட்டுல வரும். மூணு வேளையும். இதச் சொல்றதுக்கு எனக்கு வெக்கமா இருக்கு, ஆனா அதுதான் நெசம்." மறுபடி முறத்துக்குத் திரும்பினாள். "நீ சொல்றதுன்னா சொல்லு. நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்."

"செவுரு வேணுமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லு."

அம்மா வெளியே பார்த்தாள். சரிவில் புல் சாய்ந்தது, நிமிர்ந்தது.

"பாக்க முடியல" என்றாள். "பாக்காமயும் இருக்க முடியல. இந்த நாற்காலிய விட்டா எனக்கு வேற எடமும் இல்ல. எங்க திருப்பிப் போட்டாலும் முதுகுல அது இருக்குன்னு தெரியுது."

மூத்தவள் எழுந்தாள். மேஜைக்குப் போய் தம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். மூன்று தாளும் தானாகச் சுருண்டுகொண்டன. கடைசித் தாளை மட்டும் திருப்பி, வெற்றுப் பக்கத்தில், அடிக்கோல் வைத்து ஒரு கோடு போட்டாள். பதினெட்டு அடி. வடிகாலுக்கு உள்பக்கம் நாலு அங்குலம் தள்ளி. ஒன்பது அங்குலச் சுவர். கண்ணாடிக் கதவுகள் பக்கச் சுவருக்குள்ளேயே இருந்துவிட்டுப் போகட்டும். வெளியே எடுத்தால் உடையும், யாருக்கும் உதவாது. பின்பக்கம் போக அடுக்களைக் கதவு இருக்கிறது. எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஒரு வருடம் பாடுபட்டுத் திறந்து வைத்ததை மூட அவ்வளவுதான் பிடித்தது.

தம்பி மணல் ஒட்டிய கையைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தான். பின்னால் மேஸ்திரி.

"செவுரு வெச்சுக்கோ" என்றாள். தாளை நீட்டினாள்.

தம்பி வாங்கிப் பார்த்தான். சண்டைக்குத் தயாராக வந்தவன், எதிரில் ஆளில்லாமல் ஒரு எட்டு முன்னால் விழுந்தவன் போலானான்.

"இப்பவாவது தோணுச்சே" என்றான். கொஞ்சம் கழித்து, "அப்ப ஒத்துக்கிற" என்றான்.

அம்மாவின் கை முறத்தின்மேல் அப்படியே நின்றது. மூத்தவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. வாய்வரை ஒரு வாக்கியம் வந்தது. அது நல்ல வாக்கியம், சின்னது, சொன்னால் இவன் முகம் எப்படி மாறும் என்று அவளால் அங்குலக் கணக்கில் சொல்ல முடியும். அதற்குப் பிறகு இந்த வீட்டில் அம்மாவுக்கு அவன் கோபம் மூன்று வேளையும் தட்டில் வரும், வருடக்கணக்காக.

"படி வெக்காதது என் தப்புதான்" என்றாள்.

தம்பி தாளை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். "நான் உன்னக் குத்தம் சொல்லணும்னு சொல்லலக்கா..."

"சொல்லிக்கோ. பரவால்ல."

நாற்பத்தேழு நாளில் அவன் அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் முறை. அதற்காக ஏதோ ஒன்று தோன்ற வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. மேஸ்திரி தாளை எட்டிப் பார்த்துத் தாடையைத் தடவினார்.

"ஏம்மா, முழுசா மூடியா? காத்துக்குக்கூட வழி இல்லையா? ஒரு சன்னலாவது விடுவோம். நாலடி அகலத்துக்கு, வழக்கம்போல ரெண்டரை அடி மேல வெச்சு."

"சன்னல் வேண்டாம்" என்றான் தம்பி. "அம்மா அங்கயேதான் பாத்துக்கிட்டு உக்காருவாங்க."

"உக்காந்தா தெரியாது" என்றாள் மூத்தவள். "ஒரு நிமிஷம் இரு."

பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனாள். முறத்தை வாங்கிக் கீழே வைத்தாள்.

"நேரா உக்காரும்மா. சாஞ்சுக்காத."

தரையிலிருந்து கண்வரை மூன்றடி ஏழு அங்குலம்.

"இப்ப எழுந்திரு."

"எதுக்குடி?"

"எழுந்திரேன்."

அம்மா நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தாள். முட்டி ஒருமுறை சொடக்கிட்டது. மூத்தவள் நாடாவின் நுனியைத் தன் கட்டைவிரலால் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுகையை அம்மாவின் முகத்துக்கு நேரே உயர்த்தினாள். அம்மாவின் மூச்சு விரல்மேல் பட்டது. நாலு வருடத்துக்கு முன்பு எடுத்த அளவைவிட முக்கால் அங்குலம் குறைந்திருந்தாள்.

"நாலடி அஞ்சே கால்" என்றாள் மேஸ்திரியிடம், திரும்பாமலே. "சன்னலோட அடி நாலடி ரெண்டு அங்குலத்துல வரட்டும். அதுக்கு ஒரு நூல் கீழயும் வேண்டாம், மேலயும் வேண்டாம்."

"அவ்வளவு உசரத்துல யாரும்மா சன்னல் வெப்பாங்க? பாக்கறவன் ஜெயிலுன்னு சொல்லுவான்."

"சொல்லட்டும்."

"உக்காந்தா ஒண்ணுமே தெரியாதே."

"தெரியாது" என்றாள். "எழுந்தா தெரியும்."

மேஸ்திரி காதிலிருந்த பென்சிலை எடுத்துச் செங்கல் ஒன்றின்மேல் அளவை எழுதிக்கொண்டார். அம்மா உட்காராமல் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். வெளியே முதல் சட்டிக் கலவைக்குத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. மூத்தவள் நாடாவை விட்டாள். அது சரசரவென்று ஓடித் தன் கூட்டுக்குள் போய்ச் சேர்ந்தது.